விரல் நுனியில் ஒரு குதிரைப்படை

ஒரு தீப்பெட்டியிலுள்ள குச்சிகளைக் கொட்டிவிட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் மூன்று குதிரைகளையும் அவற்றின் மேலிருக்கும் மூன்று வீரர்களையும் படுக்க வைத்துவிடலாம். அவ்வளவு சிறியவை. ஆனாலும் குதிரைக்குக் கடிவாளமும் பிடரி மயிரும் இருக்கும். வீரனின் கையில் ஈட்டி இருக்கும், முகத்தில் மூக்கும் வாயும்கூடத் தெரியும். வெள்ளீயக் கலவையிலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்து, வர்ணம் பூசாமலே விற்கிறார்கள். வாங்குபவர் தானே இருந்து பூச வேண்டும், இல்லையென்றால் கூலி கொடுத்துப் பூசுவிக்க வேண்டும்.

இவை சிறுபிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்கள் அல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த மனிதர்கள், அதிலும் பெரும்பாலும் ஆண்கள், மேசையின் மேல் பழங்காலப் போர்களை ஆடுவதற்காக இவற்றைச் சேர்க்கிறார்கள். அலெக்சாண்டரின் படை, ஹனிபாலின் படை, ரோமரின் படை என்று ஒவ்வொருவரிடமும் ஒரு படை இருக்கும். தாயக்கட்டை போன்ற பகடையை உருட்டி, அளவுகோலால் தூரம் அளந்து படையை நகர்த்துவார்கள். 1990இல் பிரித்தானியாவில் வெளிவந்த ‘டி பெல்லிஸ் அன்ரிக்விற்றாற்றிஸ்’ என்னும் விதிநூலின்படி ஒரு படைக்குப் பன்னிரண்டு அட்டைத் துண்டுகள் போதும். சிறிய அளவு உருவங்களானால் ஒவ்வொரு துண்டும் 40 மில்லிமீட்டர் அகலம். சாதாரண குதிரைப்படையென்றால் ஒரு துண்டில் மூன்று பேர், வேகமாக ஓடித் திரியும் இலகு குதிரைப்படையென்றால் இரண்டு பேர், யானையென்றால் ஒன்றே ஒன்று. இரண்டு அடிச் சதுரப் பலகை இருந்தால் போர்க்களம் தயார்.

1990 என்றால் எமக்கு வேறு ஞாபகங்கள். அதே ஆண்டில் உலகத்தின் இன்னொரு மூலையில் ஒருவர் இருந்து இப்படி ஒரு விளையாட்டுக்கு விதி எழுதியிருக்கிறார் என்பதை அறிந்தபோது எனக்குக் கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. ஒருவகை வியப்புத்தான்.

இதைப்பற்றி இந்த இதழில் எழுதுவதற்குக் காரணம், இந்த வர்ண வேலை எமது நாட்டில் ஒரு தொழிலாகவே நடந்து வருவதுதான். வெளிநாட்டிலிருந்து வர்ணமில்லாத உருவங்கள் பொதியாக வரும். இங்கே பூசி முடித்துத் திருப்பி அனுப்புவார்கள். பெர்னாண்டோ என்டர்பிரைசஸ் என்பது இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடுபவர்களிடையே பல ஆண்டுகளாக அறியப்பட்ட இலங்கைப் பெயர். வேலையின் நுணுக்கத்துக்கு ஏற்பத் தரம் பிரித்து, தரத்துக்கு ஏற்ப விலை பேசப்படுகிறது. எமது மாவட்டத்தில் வாழ்வாதாரம் என்றாலே கோழிக்குஞ்சும் தையல் மெஷினும்தான் என்று ஆகிவிட்ட நிலையில், இந்தச் செய்தி எனக்குப் பெரிதாகப் பட்டது. ஒரே ஊரில் இருபது பேருக்குத் தையல் மெஷின் கொடுத்தால் யார் யாருக்குத் தைப்பது?

இலண்டனில் வசிக்கும் என் சின்னம்மாவின் மகனும் இந்த விளையாட்டுக்காரன்தான். கண்ணகை அம்மன் சடங்குக்கு ஊருக்கு வந்தவன் ஒரு சிறு பெட்டி கொண்டுவந்தான். உள்ளே இருபத்துநான்கு குதிரை வீரர்கள். “அக்கா, உங்கட சென்ரர்ல பூ வேலை செய்யிற ஆக்கள் இருக்கினம் எண்டு சொன்னீங்களே, செய்து பார்க்கச் சொல்லுங்க. நான் அங்க குடுக்கிற கூலியையே இங்கயும் தாறன்” என்றான். (பதினைந்து வருட இலண்டன் வாழ்க்கையில் அவனுடைய மட்டக்களப்புப் பேச்சில் பாதி யாழ்ப்பாணமாகிவிட்டது. அது வேறு கதை.)

எமது நிலையம் படுவான்கரையில் உள்ளது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை பாதையில் ஏறித்தான் வாவியைக் கடந்து போய்வந்தோம். அங்கே துணியில் பூ வரையும் நான்கு பெண்கள் இந்த வேலையை ஏற்றார்கள். மூவர் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். மூத்தவரின் கணவரை 1990இல் விசாரிக்க வேண்டும் என்று கூட்டிப்போனார்கள். அவர் இன்றுவரை வரவில்லை. அந்த அம்மாவின் தகப்பனார் கூத்துக்குக் கிரீடமும் உடுப்பும் கட்டுபவர். கண்ணாடித் துண்டு ஒட்டுவதும் வர்ணம் தீட்டுவதும் அவருக்குச் சிறு வயதிலிருந்தே கைவந்தவை.

பெட்டியைத் திறந்தவுடன் எழுந்த முதல் கேள்வி, “இதுல ஆரு ஆரு மிஸ்?” என்பதுதான். அந்தக் கேள்வியில்தான் இந்த வேலை தொடங்குகிறது. யார் என்று தெரியாமல் வர்ணம் பூச முடியாது. தம்பி தாளில் எழுதித் தந்திருந்தான். பன்னிரண்டு பேர் அலெக்சாண்டரின் தோழர் படை. அவர்களிடம் நீண்ட ஈட்டி இருக்கும், கேடயம் இருக்காது. மற்றப் பன்னிரண்டு பேர் வட ஆபிரிக்காவின் நுமிடியர். அவர்களுக்குச் சேணமும் இல்லை, கடிவாளமும் இல்லை. குதிரையின் கழுத்தில் ஒரு கயிறு, கையில் எறிஈட்டியும் சின்ன வட்டக் கேடயமும், அவ்வளவுதான். கி.மு. 216இல் கன்னே என்ற இடத்தில் ஹனிபால் ரோமரைச் சுற்றி வளைத்து அழித்தபோது அவனோடு நின்றவர்கள் இவர்கள்.

உருவங்களைத் தெரிவு செய்யும்போது விபரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது வீரனின் காலையாம். கால் வைக்கும் அங்கவடி இருந்தால் அது அலெக்சாண்டரின் ஆளாக இருக்க முடியாது. ஐரோப்பாவுக்கு அங்கவடி வந்ததே கி.பி. 6ஆம், 7ஆம் நூற்றாண்டளவில்தான். அதற்கு முன் எல்லாரும் தொடையால் குதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போர் செய்திருக்கிறார்கள். இதைக் கேட்ட இளையவர், “நாங்க சைக்கிள் பாறுல புள்ளையையும் வெச்சி, பின்னால அரிசி மூட்டையும் கட்டி ஓடினமே, அதுமாதிரித்தான்” என்றார். 2006, 2007இல் இடம்பெயர்ந்த எவருக்கும் அதை விளக்கத் தேவையில்லை.

இனி வேலைக்கு வருவோம். முதலில் வார்ப்பின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகப் பிசிறைச் சிறு அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் வர்ணம் உரிந்துவிடும். ஒரு போத்தல் மூடியில் பசையால் ஒட்டிக்கொண்டால் உருவத்தைத் தொடாமலே திருப்பித் திருப்பிப் பூசலாம். கறுப்பு, வெள்ளை, சாம்பல் ஆகிய மூன்றில் ஒன்றை அடிப்பூச்சாகக் கொடுக்க வேண்டும். எமது பெண்களுக்குக் கறுப்பே பிடித்தது. தூரிகை எட்டாத இடுக்குகள் தாமாகவே நிழலாகிவிடும். அதன்மேல் குதிரையின் உடல் நிறம், பிறகு சேணம், உடை, தோல், கடைசியாக ஆயுதம். காய்ந்த பின் கபில நிறத்தைத் தண்ணீராகக் கரைத்து மேலே ஓடவிட்டால் அது பள்ளங்களில் தங்கி, தசையும் மடிப்பும் எழும்பித் தெரியும். பின்பு தூரிகையில் வர்ணத்தைத் தொட்டு, துணியில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் இலேசாகத் தட்ட வேண்டும். பிடரி மயிருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. முடிவில் மினுக்கமில்லாத வார்னிஷ். இல்லையென்றால் விளையாடுபவரின் விரல்பட்டு ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. தூரிகையின் முனையைக் கூராக்க நாக்கில் வைக்கும் பழக்கம் எல்லா ஓவியர்களுக்கும் உண்டு. அதை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் 1920களுக்கு முன்னும் பின்னும் கைக்கடிகார முகங்களுக்கு ரேடியம் கலந்த வர்ணம் தீட்டிய இளம் பெண்களுக்கு, தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி வேலைத்தலத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். தாடை எலும்பு அழுகிப் பலர் இறந்தார்கள். எமது வர்ணங்களில் ரேடியம் இல்லை. ஆனால் பழைய உலோக உருவங்களில் ஈயம் இருக்கும். அரத்தூள் பறக்கும் இடத்தில் பிள்ளைகளை விடக்கூடாது. மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், கை கழுவாமல் சோற்றில் கை வைக்க வேண்டாம்.

குதிரை நிறத்தில்தான் எமக்கு உண்மையான சிக்கல் வந்தது. நால்வரில் ஒருவராவது உயிருள்ள குதிரையைக் கண்டதில்லை. எமது பக்கம் எருமை உண்டு, மாடு உண்டு, யானை வேண்டாமென்றாலும் வரும், குதிரை மட்டும் இல்லை. வாசகிகளில் நெடுந்தீவுக்குப் போனவர்கள் அங்குள்ள மட்டக் குதிரைகளைப் பார்த்திருக்கலாம். தம்பியின் தாளில் விதி இருந்தது. உடல் கபிலமாகவும் பிடரி, வால், முழங்காலின் கீழ்ப்பகுதி கறுப்பாகவும் இருப்பது ஒரு வகை. உடலும் வாலும் ஒரே செந்நிறமாக இருப்பது இன்னொரு வகை, இதற்குக் கால் கறுப்பாக இருக்காது. வெள்ளைக் குதிரைகளில் பெரும்பாலானவை பிறக்கும்போது கறுத்திருந்து வயது போகப்போக வெளுப்பவை, ஆகவே மூக்கு நுனி கறுப்பாகத்தான் இருக்கும். மூத்த அம்மா இதைக் கேட்டுவிட்டு, “செவலை, மயிலை, கருவல் எண்டு நேரா சொல்லுங்களன்” என்று முடித்துவிட்டார். மாடு வளர்த்த கண்ணுக்கு அதற்குமேல் பாடம் தேவைப்படவில்லை. ஒரே மாதிரி எல்லாவற்றையும் பூசாமல், ஒன்றுக்கு நெற்றிச் சுட்டி, ஒன்றுக்கு ஒரு கால் வெள்ளை என்று பட்டியில் நிற்கும் மாடுகளைப் போலவே கலந்து பூசினார். பழங்காலப் படைகளுக்கு அதுதான் பொருத்தம் என்று தம்பி பிறகு சொன்னான்.

குதிரை எமக்கு எப்போதும் வெளியிலிருந்து வந்த பொருள்தான். கப்பலில் வந்திறங்கிய குதிரைகளைச் சங்க நூலான பட்டினப்பாலை சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல் கடந்து ஏராளமாக வாங்கப்பட்ட குதிரைகள் பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் இறந்துபோவதைக் குறித்திருக்கிறார். மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போய்க் கோயில் கட்டிய கதையும், நரி பரியான கதையும் உங்களுக்குத் தெரியும். அநுராதபுரத்தை 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரும் ஒரு குதிரை வணிகனின் மக்கள் என்று மகாவம்சம் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது ஆண்ட வருடத்தை மட்டும் பாடமாக்கினேன். குதிரை விற்க வந்தவர்களின் பிள்ளைகள் என்பது மனதில் நிற்கவில்லை.

நான் முன்னே சொன்ன விதிநூலின் படைப்பட்டியலில் பழைய தமிழர் படையும் சிங்களவர் படையும் ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. யானை, காலாள், கொஞ்சம் குதிரை என்று இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்ததால் அப்படிச் சேர்த்திருக்க வேண்டும். இதை நான் வாசித்துக் காட்டியபோது நிலையத்தில் எழுந்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது.

சிரிப்பு மட்டும் இருக்கவில்லை. பெட்டியின் அடியில் பஞ்சில் சுற்றி இன்னுமொரு உருவம் இருந்தது. விழுந்து கிடக்கும் ஒரு குதிரை, அதன் கீழே கால் அகப்பட்டு ஒரு வீரன். தோற்ற படையைக் காட்ட இவ்வாறானவற்றை வைப்பார்களாம். இளையவர் அதைக் கையில் எடுத்தவுடனேயே வைத்துவிட்டார். அவருடைய தமையன் 2007இல் ஷெல்லில் இறந்தவர். “இதுக்கு நான் பூசமாட்டன், கூலிய வெட்டினாலும் பரவாயில்ல” என்றார். பூசத் தேவையில்லை என்று நான் சொன்னேன். அது அப்படியே மேசையில் கிடந்தது. மூன்றாம் நாள் மூத்த அம்மா அதை எடுத்து, ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் பூசத் தொடங்கினார். மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் அதிக நேரம் எடுத்தார். இரத்தம் பூசவில்லை. வீரனின் முகத்தைத் துப்புரவாகத் துடைத்த முகம்போல வரைந்திருந்தார். “கிடக்கிற இடமாவது தெரியுதே” என்றார். அதற்கு மறுமொழி சொல்ல எமது உளவளத்துணைப் பயிற்சியில் எதுவும் சொல்லித்தரவில்லை. நானும் பேசாமல் இருந்தேன்.

இந்த இடத்தில் வாசகிகளில் சிலர் கேட்பது எனக்குக் கேட்கிறது. போரால் இவ்வளவு பட்ட பிறகும் போர் விளையாட்டுச் சாமானுக்கு வர்ணம் பூசுவதா? நிலையத்திலும் அந்த விவாதம் நடந்தது. ஒருவர் தன் மகனுக்குக் கோயில் திருவிழாக் கடையில் விளையாட்டுத் துவக்கு வாங்கிக் கொடுப்பதில்லை என்று வைராக்கியமாக இருப்பவர். அந்த எட்டு வயதுப் பொடியன் பள்ளி விட்டு வந்ததும் முதல் வேலையாக இந்தக் குதிரைகளைத்தான் பார்க்க வருவான். “இவன் இதப் பழகிருவானோ மிஸ்?” என்று தாய் கேட்டார்.

இதற்கு நான் படித்த ஒரு வரலாறு பதிலாக அமைந்தது. மேசைப் போர் விளையாட்டைப் பலரும் அறியச் செய்தவர் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். 1911இல் பிள்ளைகளோடு நிலத்தில் இருந்து சிறு உருவங்களால் ஊரும் தீவும் அமைத்து விளையாடுவதைப்பற்றி ஒரு நூல் எழுதினார். 1913இல் ஈய வீரர்களைக் கொண்டு ஆடும் ‘சிறு போர்கள்’ என்னும் நூலை எழுதினார். போரை வெறுத்த மனிதர் அவர். இந்தச் சிறு போரை ஆடிப் பார்த்தாலே பெரிய போர் எவ்வளவு மடத்தனமானது என்பது விளங்கும் என்பது அவரது கட்சி. மறுவருடமே முதலாம் உலகப் போர் தொடங்கியது. ஆகவே அந்தக் கட்சி எவ்வளவு எடுபட்டது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்த முதல் நூலை மார்கிரெட் லோவன்ஃபெல்ட் என்ற மருத்துவர் மறக்கவில்லை. முதலாம் உலகப் போருக்குப் பின் போலந்தில் அகதிகளிடையே பணிசெய்தவர் அவர். 1928இல் இலண்டனில் பிள்ளைகளுக்கான சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அங்கே ஒரு மணல் தட்டும் ஒரு பெட்டி நிறையச் சிறு உருவங்களும் வைத்தார். வீடு, மரம், மிருகம், மனிதர், படைவீரர் எல்லாம் அதில் இருந்தன. பிள்ளைகள் தாமாகவே மணலில் அவற்றை அடுக்கி, அதற்கு ‘உலகம்’ என்று பெயரும் வைத்தார்கள். வாயால் சொல்ல முடியாததை மணலில் வைத்துக் காட்டினார்கள். இன்று உலகமெங்கும் உளநலப் பணியில் கையாளும் மணல் விளையாட்டின் தொடக்கம் அதுதான்.

தூரத்துக்கும் போக வேண்டாம். 1996இல் மட்டக்களப்பில் இயேசுசபைத் துறவி அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவை உங்களில் பலர் அறிவீர்கள். தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் பஸ்ஸில் ஒன்றாக வந்து, களிமண் பிசைந்து, வர்ணம் தீட்டி, கதை கட்டி ஆடினார்கள். போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இது நடந்தது.

ஆகவே பொடியன் குதிரையை வைத்துப் போர் விளையாடினால் உடனே பறிக்கத் தேவையில்லை என்றுதான் தாய்க்குச் சொன்னேன். பிள்ளையின் விளையாட்டு நாளுக்கு நாள் மாறும். இன்று வென்றவன் நாளை தோற்பான், இடையில் சோறு சமைப்பான், குதிரைக்குத் தண்ணி வைப்பான். அப்படி மாறிக்கொண்டிருந்தால் பயமில்லை. கவனிக்க வேண்டியது மாறாத விளையாட்டை. 1976இல் அமெரிக்காவின் சௌசில்லா என்ற ஊரில் பள்ளி பஸ்ஸோடு கடத்தப்பட்ட 26 பிள்ளைகளை ஆராய்ந்த மருத்துவர் லெனோர் டெர் இதைத்தான் எழுதினார். பெரிய அதிர்ச்சிக்கு உட்பட்ட பிள்ளை, ஒரே காட்சியை ஒரே விதமாகச் சந்தோசமில்லாமல் திரும்பத் திரும்ப ஆடும், ஆடி முடித்தும் அமைதி வராது. இப்படிக் கண்டால், அல்லது அதோடு நித்திரையில் கத்துவது, படுக்கையில் சிறுநீர் கழிப்பது போன்றவையும் சேர்ந்தால், அடிக்கவோ பேய்க்குணம் என்று விடவோ வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். போக முடியாதவர்கள் 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அந்தப் பொடியன் என்ன விளையாடினான் என்று கேட்பீர்கள். வாவிக்கரை மணலைத் தாம்பாளத்தில் பரப்பிக் கொடுத்தோம். உடைந்தாலும் பரவாயில்லை என்று பூசிப் பழகிய உருவங்கள் ஐந்தைக் கொடுத்தோம். ஐந்தையும் வரிசையாக நிறுத்தி, முன்னால் ஒரு நூல்கட்டையை வைத்து, “பாதைக்குக் காத்து நிக்காங்க” என்றான்.

இனிக் கூலி விடயம். ஒரு குதிரை வீரனுக்கு ஆரம்பத்தில் ஐந்து மணித்தியாலம் சென்றது. கடைசிப் பன்னிரண்டுக்கும் வேலையைப் பிரித்து, ஒருவர் குதிரை, ஒருவர் உடை, ஒருவர் தோலும் முகமும், ஒருவர் ஆயுதம் என்று செய்தபோது ஆளுக்கு ஒன்றரை மணித்தியாலமாகக் குறைந்தது. கூலியை நேரக் கணக்கில் நால்வரும் சமமாகப் பிரித்தார்கள். கூலிவேலைக்குப் போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. வெயில் இல்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். ஆனால் கண் களைக்கும், நாற்பது வயதுக்கு மேற்பட்டவருக்கு உருப்பெருக்கிக் கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் கட்டாயம் வேண்டும். தூரிகையும் வர்ணமும் கொழும்பிலிருந்து வர வேண்டும். தபால் செலவு இருக்கிறது. ஓடர் ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. ஆகவே இதை நம்பி நுண்கடன் எடுக்காதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். துணி வேலை, பன் வேலை, தோட்டம் என்று இருப்பவற்றோடு சேர்த்துச் செய்வதற்கே இது ஏற்றது. ஏற்கனவே ஓவியக் கை உள்ள மூன்று நான்கு பேர் ஒன்றாக இருந்தால் மட்டும் இறங்கலாம்.

உருவங்கள் இலண்டன் போய்ச் சேர்ந்து படமும் வந்தது. பச்சைத் துணி விரித்த மேசையில் எமது செவலையும் மயிலையும் ரோமரை எதிர்த்து நின்றன. விழுந்த வீரனைத் தம்பி விளையாட்டில் வைக்கவில்லை. தனியாக அலுமாரிக் கண்ணாடிக்குள் வைத்திருப்பதாக எழுதியிருந்தான். அதை நான் மூத்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த பெட்டி போரஸ் மன்னனின் இந்தியப் படை. கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாண்டரை எதிர்த்து நின்றவன் அவன். அதில் யானைகளும் வருகின்றன. யானையின் நிறத்துக்குத் தம்பி படம் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தான். “யானைக்குப் படமா? ரெண்டு கிழமைக்கு முதல்தான் என்ட வேலிய முறிச்சிட்டுப் போனது, நல்லாப் பாத்து வெச்சிரிக்கன்” என்று அம்மா சொல்லச் சொன்னார்.